முதலில் ஏறியவரா, ஏணியை விட்டுவைத்தவரா: உள்ளூர்ப் பெண் தலைவர்களைக் கௌரவிக்கத் தேர்ந்தெடுக்கும் முறை

கேள்வி: எங்கள் பெண்கள் சங்கத்தில் நாற்பது பேர் இருக்கிறோம். எங்கள் பகுதியில் மற்ற பெண்களைக் கைதூக்கிவிட்ட பெண் தலைவர்களை ஆண்டுதோறும் கௌரவிக்க நினைக்கிறோம். யாரைத் தேர்ந்தெடுப்பது, சொல்வது உண்மைதானா என்று எப்படிச் சரிபார்ப்பது, மனக்கசப்பு வராமல் எப்படி நடத்துவது?

பதில்:

மண்டபம், தேதி, விருந்தினர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி, நாற்பது பேரும் ஒப்புக்கொள்ளுங்கள்: இந்த விருது எதற்காக? "சாதனைப் பெண்களுக்கு" என்று எழுதினால், ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களின் பெயர்களே வந்து குவியும். உங்கள் நோக்கம் "தனக்குப் பின்னால் மற்ற பெண்கள் வர வழி செய்தவர்" என்பது. இரண்டு குணமும் ஒரே ஆளிடம் இருக்கலாம். பல நேரம் இருப்பதில்லை. நடைமுறையில் வரும் குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவதுதான்.

எலிசபெத் பிளாக்வெல்லின் வாழ்க்கையில் இந்த வேறுபாடு துல்லியமாகத் தெரியும். 1849இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா மருத்துவக் கல்லூரியில் தேறி, அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். அவருடைய தங்கை எமிலி விண்ணப்பித்தபோது அதே கல்லூரி இடமில்லை என்றுவிட்டது. அக்கா நுழைந்த வாசல் தங்கைக்கே மூடிக்கிடந்தது. எமிலி வேறு கல்லூரிகளுக்கு அலைந்து 1854இல்தான் பட்டம் வாங்கினார். வழி உண்மையாகத் திறந்தது 1857இல். சகோதரிகள் இருவரும் மேரி ஸாக்ஷெவ்ஸ்கா என்ற இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து, பெண்களே நடத்தும் மருத்துவமனை ஒன்றை நியூயார்க்கில் தொடங்கினார்கள். படித்து முடித்த பெண்களுக்கு வேறெங்கும் பயிற்சி கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில் அங்கே கிடைத்தது. 1868இல் அதோடு பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தது. உங்கள் குழு 1849ஐக் கௌரவிக்கப்போகிறதா, 1857ஐயா? என் கருத்தில் உங்கள் விருது 1857க்கு உரியது. 1849க்குத் தர ஏற்கெனவே நிறைய விருதுகள் இருக்கின்றன.

நம் பக்கத்திலும் இதையே பார்க்கலாம். முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை சட்ட மேலவைக்குச் சென்ற முதல் பெண் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லும். 1930இல் அவர் தொடங்கிய அவ்வை இல்லம், போக்கிடமற்ற பெண் பிள்ளைகளுக்குத் தங்குமிடமும் படிப்பும் கொடுத்தது. சகோதரி சுப்பலட்சுமி தானே குழந்தை விதவை. 1911இல் பட்டம் பெற்றபின் இளம் விதவைகளுக்கு இல்லம் நடத்தி, அவர்களைப் படிக்கவைத்து ஆசிரியைகள் ஆக்கினார். இதில் கவனிக்க வேண்டியது ஆசிரியை என்ற தேர்வு. ஒரு விதவைக்குச் சோறு போட்டால் ஒருத்தி பிழைப்பாள். அவளை ஆசிரியை ஆக்கினால் அவள் வகுப்பில் நாற்பது சிறுமிகள் உட்காருவார்கள். உங்கள் பகுதியில் தேட வேண்டியவர்கள் இப்படிப்பட்டவர்கள். பின்னால் வந்தவள் இன்னொருத்தியை அழைத்துவரும்படி செய்தவர்கள்.

எதை எண்ணுவது

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில் கிராமப் பெண்கள் நாற்று வளர்த்து நட்டார்கள். அவர்களுக்கு ஒரு சிறு தொகை கிடைத்தது. நட்டதற்கு அந்தப் பணம் கிடையாது, பிழைத்த கன்றுக்கு மட்டும்தான். இந்த ஒரு விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். "இருநூறு பெண்களுக்குப் பயிற்சி அளித்தார்" என்பது நட்ட கணக்கு. அந்த இருநூறில் ஓராண்டு கழித்தும் அந்த வேலையில், அந்தப் பதவியில், அந்தப் படிப்பில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது பிழைத்த கணக்கு. பயிற்சி முகாம் நடத்தியவர்களின் எண்ணிக்கை எப்போதும் பெரிதாக இருக்கும். ஆறு பெண்களை மட்டும் கைப்பிடித்து அழைத்து வந்து, ஆறு பேரும் நிலைத்து நிற்கும்வரை கூட இருந்தவரின் எண்ணிக்கை சிறிதாகத் தெரியும். எண்ணும் முறையைக் குழு முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் இரண்டாமவர் முதல் சுற்றிலேயே போய்விடுவார்.

வழி செய்வதிலும் பல வகை உண்டு. தகவல் சொல்வது எளியது, அதற்கும் மதிப்பு உண்டு. விண்ணப்பம் எங்கே, கடைசித் தேதி எது என்று தெரியாமலே தவறிப்போகும் வாய்ப்புகள் ஏராளம். அதைவிடக் கடினமானது பரிந்துரை. அறிவுரை சொல்பவர் எதையும் இழப்பதில்லை. "இந்தப் பெண்ணுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுங்கள், நான் பொறுப்பேற்கிறேன்" என்று சொல்பவர் தன் பெயரையே பணயம் வைக்கிறார். அந்தப் பெண் சொதப்பினால் பழி இவர்மீதும் விழும். குழு இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இன்னும் ஆழமானது விதியை மாற்றுவது. கூட்டம் நடக்கும் நேரம், கழிப்பறை, குழந்தையை விட ஓர் இடம், இரவுப் பணிக்கு வண்டி, படிவத்தில் கேட்கும் ஒரு கையெழுத்து என்று சின்னச் சின்ன விஷயங்களே பெண்களை வெளியே நிறுத்திவைக்கின்றன. இளா பட் 1972இல் அகமதாபாத்தில் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களுக்கான சேவா சங்கத்தின் பெண்கள் 1974இல் தங்களுக்கென ஒரு வங்கி அமைத்தார்கள். நாலாயிரம் பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டார்கள். உறுப்பினர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதற்காக அவர்களைத் திருப்பி அனுப்பாமல், கணக்குப் புத்தகத்தில் புகைப்படத்தை ஒட்டி அடையாளம் காணும் முறையைக் கொண்டுவந்தார்கள். பெண்ணை மாறச் சொல்லாமல் விதியை மாற்றினார்கள். இப்படி ஒரு விதியை மாற்றியவர் உங்கள் பகுதியில் இருந்தால், அவர் பதவியிலேயே இல்லாவிட்டாலும் பட்டியலின் மேலே வர வேண்டும். அவர் மாற்றிய விதி அவர் பெயரே அறியாத பெண்களுக்கும் பயன்படும்.

கடைசி வகை மிக அரிது: தன் நாற்காலியைத் தானே விட்டுக்கொடுப்பது. ஒரு சங்கத்தில் இருபது ஆண்டுகளாக ஒரே தலைவி இருக்கிறார், எல்லாக் காசோலையிலும் அவர் கையெழுத்து மட்டுமே என்றால், அவர் நல்லவராக இருந்தும் வழி அடைபட்டுத்தான் கிடக்கிறது. இரண்டு தவணை முடிந்ததும் இளையவரை உட்கார வைத்துவிட்டு, அழைத்தால் மட்டும் வந்து உதவுபவருக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள்.

எப்படித் தேடுவது

பெரும்பாலான குழுக்கள் "நல்ல பெண் தலைவர்களைப் பரிந்துரையுங்கள்" என்று அறிவித்துவிட்டுக் காத்திருக்கின்றன. படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள், செல்வாக்குள்ளவர்கள், தனக்காகப் பிறரை எழுதவைக்கத் தெரிந்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் மட்டும் வரும். செவிலியர், மருத்துவச்சி, துப்புரவுப் பணியாளர் சங்கத்தை நடத்துபவர், வீட்டு வேலை செய்பவர்களை ஒன்று சேர்த்தவர், பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி தருபவர், மாற்றுத்திறனாளிப் பெண்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குபவர் எவரும் அந்த வலையில் விழ மாட்டார்கள். அதிகாரிகளோடு மோதிய பெண்களும் விடுபடுவார்கள், ஏனெனில் அவர்களைப் பரிந்துரைக்கப் பலர் தயங்குவார்கள்.

ஆகவே தலைகீழாகத் தேடுங்கள். தலைவர்களிடம் போகாமல், பயன் பெற்றவர்களிடமிருந்து தொடங்குங்கள். பத்து விதமான பணியிடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்: மருத்துவமனை, பள்ளி, தொழிற்சாலை, சந்தை, வயல், வீட்டு வேலை, அலுவலகம், சுயதொழில், விளையாட்டு, உள்ளாட்சி. ஒவ்வொன்றிலும் 35 வயதுக்குட்பட்ட மூன்று பெண்களைச் சந்தியுங்கள். மொத்தம் முப்பது பேர். கேள்வி ஒன்றுதான்: "நீங்கள் இந்த இடத்துக்கு வர எந்தப் பெண் உதவினார், என்ன செய்தார்?" "சிறந்த பெண் தலைவர் யார்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் செய்தித்தாளில் பார்த்த பெயரைத்தான் சொல்வார்கள்.

கிடைத்த பெயர்களிடம் போய் அதே கேள்வியைக் கேளுங்கள்: உங்களுக்கு வழி செய்தவர் யார்? இந்த இரண்டாம் சுற்றில்தான் விஷயம் தெளியும். தொடர்பே இல்லாத மூன்று நான்கு பேர் ஒரே பெயரைச் சொல்லத் தொடங்குவார்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் உங்கள் நாற்பது பேரில் யாருக்கும் தெரியாததாக இருக்கும். இந்த வேலைக்கு நான்கு வாரம் ஒதுக்குங்கள். நாற்பது உறுப்பினர்களில் பத்துப் பேர் ஆளுக்கு மூன்று பெண்களைச் சந்தித்தாலே முதல் சுற்று முடிந்துவிடும்.

பொதுப் பரிந்துரையையும் கூடவே வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எழுதத் தயங்குபவர்கள் ஐந்து நிமிடக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று போடுங்கள். உறுப்பினர் ஒருவர் அதைக் கேட்டுப் படிவத்தில் எழுதிக்கொள்ளட்டும். ஐந்து கேள்விகள் போதும்:

1. இவர் என்ன பணி செய்கிறார், எவ்வளவு காலமாக?
2. இவர் தலையிடுவதற்கு முன் பெண்களால் எது முடியாமல் இருந்தது?
3. இவர் செய்தது என்ன? ஆண்டும் இடமும் குறிப்பிடுங்கள்.
4. அதனால் முன்னுக்கு வந்த மூன்று பெண்கள் யார், இப்போது என்ன செய்கிறார்கள்?
5. இதைச் செய்ததில் இவர் எதை இழந்தார் அல்லது எந்த எதிர்ப்பைச் சந்தித்தார்?

நான்காவது கேள்விதான் சல்லடை. மூன்று பெயர் சொல்ல முடியாவிட்டால் பரிந்துரையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை, ஆனால் ஒருவர் நேரில் போய்ப் பேச வேண்டும். ஒரு விதிவிலக்கை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களை மீட்பவர்களிடம் பெயர் கேட்காதீர்கள். அந்தப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது வெளியே தெரிவதே ஆபத்து. எத்தனை பேர், எந்த மாதிரி உதவி என்பது போதும். உடன் வேலை செய்யும் வழக்கறிஞரோ மருத்துவரோ உறுதிசெய்யட்டும்.

சரிபார்ப்பது

இறுதிப் பட்டியலில் பத்துப் பேர் இருந்தால், ஒவ்வொருவருக்கும் மூன்று பேரிடம் பேசுங்கள். இருவர் அவரால் முன்னுக்கு வந்த பெண்கள். மூன்றாமவர் அவருக்குக் கடமைப்படாத ஒருவர். அவரிடம் சம்பளம் வாங்குபவர், கடன் வாங்கியவர், உறவினர் எவரும் மூன்றாமவர் ஆக முடியாது. பதினைந்து நிமிடம் போதும். ஒருவர் கேட்க, இன்னொருவர் குறிப்பெடுக்கட்டும். பரிந்துரைக்கப்பட்டவர் அருகில் இருக்கும்போது பேசாதீர்கள். அவர் முன்னால் எல்லோரும் புகழத்தான் செய்வார்கள்.

"அவர் உதவினாரா?" என்று கேட்டால் ஆமாம் என்ற பதிலோடு முடிந்துவிடும். "அவர் இல்லாதிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேளுங்கள். "வேறு வழியில் வந்திருப்பேன்" என்பதும் "படிப்பை அன்றே நிறுத்தியிருப்பார்கள்" என்பதும் ஒரே எடை உள்ள பதில்கள் அல்ல. "அவரோடு கருத்து வேறுபட்டால் என்ன ஆகும்?" என்பதையும் கேட்டுவிடுங்கள். உதவி பெற்றவர்கள் வாயைத் திறக்கவே பயப்படும் தலைவியும் உண்டு. அந்தத் தயக்கம் குரலில் தெரியும்.

வேலையைச் செய்தது யார் என்பதையும் பார்க்க வேண்டும். அறிவியலில் பெண்கள் செய்த வேலையின் பெயர் ஆண்களுக்குப் போவதை வரலாற்றாசிரியர் மார்கரெட் ராசிட்டர் 1993இல் மட்டில்டா விளைவு என்று பெயரிட்டார். பெண் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றி முந்தைய நூற்றாண்டிலேயே எழுதிய மட்டில்டா ஜாஸ்லின் கேஜின் நினைவாக வைத்த பெயர் அது. உள்ளூரில் இது இரண்டு பக்கமும் நடக்கும். பெண் செய்ததற்கு அவர் கணவரோ மேலதிகாரியோ பெயர் வாங்குவது ஒன்று. கீழே உள்ள நான்கு பெண்கள் ஓடியாடிச் செய்ததை மேலே உள்ள ஒரு பெண் தன் கணக்கில் எழுதிக்கொள்வது மற்றொன்று. பழைய கூட்டக் குறிப்பேடு, வருகைப் பதிவு, மனுக்களின் நகல் ஆகியவற்றைப் பார்த்தால் யார் எழுதினார், யார் அலைந்தார் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஐந்து பேர் சேர்ந்து செய்திருந்தால் ஐந்து பேரையும் மேடைக்கு அழையுங்கள். ஒருவரைப் பிரித்தெடுத்தால் மற்ற நால்வரின் கூட்டு அத்தோடு உடையலாம்.

தேர்வுக் குழு

ஏழு பேர் நல்ல எண்ணிக்கை. மூவர் உங்கள் சங்கத்தவர், இருவர் வெளியாட்கள், ஒருவர் 25 வயதுக்குட்பட்டவர், ஒருவர் (இரண்டாம் ஆண்டிலிருந்து) முன்பு கௌரவிக்கப்பட்டவர். முதல் ஆண்டு அந்த இடத்துக்கு இன்னொரு வெளியாளைப் போடுங்கள். உறவினரோ முதலாளியோ கடன் கொடுத்தவரோ பட்டியலில் இருந்தால் அந்த உறுப்பினர் அப்போது அறையைவிட்டு வெளியே போக வேண்டும். மதிப்பெண் போடாமல் உட்கார்ந்திருந்தால் மட்டும் போதாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

நூறு மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: அவரால் வந்து நிலைத்து நிற்கும் பெண்கள் 40, விதியையோ நடைமுறையையோ மாற்றியது 20, இழப்பையும் எதிர்ப்பையும் தாங்கியது 15, பொறுப்பைக் கைமாற்றியது 15, வேறு சாதி, மதம், வர்க்கம், மொழி என்று தன் வட்டத்துக்கு வெளியே உள்ள பெண்களுக்கும் செய்தது 10. கடைசிப் பத்தை விட்டுவிடாதீர்கள். தன் உறவுக்குள் மட்டும் பத்துப் பெண்களைத் தூக்கிவிட்டவரும், முன்பின் தெரியாத பத்துப் பேருக்குச் செய்தவரும் மற்ற எல்லாக் கட்டத்திலும் ஒரே மாதிரி தெரிவார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது இந்தப் பத்துதான்.

ஏழு பேரும் பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மதிப்பெண் போட்டுத் தாளைக் கொடுத்துவிட வேண்டும். பேசிவிட்டுப் போட்டால், முதலில் உறுதியாகப் பேசியவரின் கருத்தே ஏழு தாளிலும் வரும். அதன்பின் ஒருவருக்கு உச்ச மதிப்பெண்ணும் குறைந்த மதிப்பெண்ணும் 20க்கு மேல் வேறுபட்டால் அதை மட்டும் விவாதியுங்கள். அந்த வேறுபாட்டுக்குப் பின்னால் யாரோ ஒருவருக்குத் தெரிந்த, மற்றவருக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கும்.

ஆண்டுக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். இருபது பேருக்குக் கொடுத்தால் யாரையும் விட்டுவிட்ட வருத்தம் இருக்காதுதான், ஆனால் ஒருவரின் வேலையைக்கூட முழுதாகச் சொல்ல நேரம் இருக்காது.

பாராட்டுரை

பெண்களைப் பற்றி எழுதும்போது குணத்தைப் புகழ்ந்து செயலை விட்டுவிடும் பழக்கம் பரவலாக உண்டு. ஓர் அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர் பணிக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகக் குட்டையாகவும், ஐயத்தைக் கிளப்பும் சொற்கள் கூடுதலாகவும் இருந்தன. எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. கை அப்படிப் பழகிவிட்டது.

உங்கள் பாராட்டுரை நூறு சொல்லுக்குள் இருக்கட்டும். நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடும். அதிலிருந்து "தாயுள்ளம்", "அன்பின் வடிவம்", "பெண்குலத்தின் விடிவெள்ளி" எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு செயலும் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மாதிரிக்கு இப்படி: "இரவுப் பணி முடிந்து திரும்பும் பெண்களுக்கு வண்டி வேண்டும் என்று நிர்வாகத்திடம் இரண்டு ஆண்டுகள் விடாமல் கேட்டு வாங்கினார். அதன்பின் இரவுப் பணியில் சேர்ந்த பதினொரு பெண்களில் ஒன்பது பேர் இன்றும் வேலையில் இருக்கிறார்கள். இருவர் மேற்பார்வையாளர்கள்." கேட்பவர்கள் மனதில் இதுதான் நிற்கும். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று அறிமுகப்படுத்தாதீர்கள். பெயரின் எழுத்து, தலைப்பெழுத்து, பதவி மூன்றையும் அச்சுக்குப் போகும் முன் அவரிடமே காட்டிச் சம்மதம் வாங்குங்கள். பெயரைப் பிழையாகப் பொறித்த கேடயத்தைச் சிரித்துக்கொண்டே வாங்கிப் போகும் பெண்ணின் மனது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என்ன கொடுப்பது

அவரிடமே கேளுங்கள். பணம் கொடுப்பதாக இருந்தால் நிபந்தனை இல்லாமல் கொடுங்கள்; பயணச் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு இரண்டையும் தனியாகக் கொடுங்கள். கேடயத்தோடு, அவர் வேலையைத் தொடரவைக்கும் ஒன்றும் சேர்வதே பொருத்தம். அவரே தேர்ந்தெடுக்கும் ஒரு பெண்ணின் ஓராண்டுப் படிப்புச் செலவு, அவரிடம் தொழில் கற்கும் ஒருத்திக்கு ஆறு மாத உதவித்தொகை, பயிற்சிக்கு வரும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என்று உங்கள் நிதிக்கு ஏற்றதாக ஒன்று.

காசு அதிகம் செலவாகாத, ஆனால் காலத்துக்கும் நிற்கும் இன்னொன்று, அவர் பேச்சைப் பதிவு செய்வது. நாற்பத்தைந்து நிமிடமாக இரண்டு அமர்வுகள். மின்விசிறியை நிறுத்தி, சாலைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, அவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தால் தெளிவாகக் கேட்கும். சாதனைகளைக் கேட்காமல் வழிமுறையைக் கேளுங்கள்: முதல் மனு யாரிடம் கொடுத்தீர்கள், மறுத்தபோது என்ன சொன்னார்கள், அடுத்து என்ன செய்தீர்கள்? அடுத்து வரும் பெண்ணுக்கு வேண்டியது இதுதான். பதிவின் ஒரு நகல் அவருக்கு, ஒன்று சங்கத்துக்கு, அவர் சம்மதித்தால் ஒன்று நூலகத்துக்கு.

புகைப்படம், பெயர், இணையத்தில் வெளியிடுவது, ஒலிப்பதிவு நான்குக்கும் தனித்தனியாக எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஒன்றுக்குச் சரி சொல்லி இன்னொன்றை மறுக்க அவருக்கு உரிமை உண்டு. விருதையே வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உண்டு; அதனால் அவரிடம் பேசி முடிக்கும்முன் பெயரை வெளியிடாதீர்கள்.

காலமும் நிகழ்ச்சியும்

மொத்தம் பதினாறு வாரம் வேண்டும். விதி எழுத இரண்டு, தேட நான்கு, சரிபார்க்க மூன்று, தேர்வுக்கு இரண்டு, சம்மதம் வாங்க ஒன்று, பதிவுக்கும் பாராட்டுரைக்கும் மூன்று, கடைசி வாரம் நிகழ்ச்சி. அவசரப்படுபவர்கள் சரிபார்க்கும் மூன்று வாரத்தைத்தான் வெட்டுவார்கள். பின்னால் எழும் சச்சரவும் அங்கிருந்தே முளைக்கும்.

மார்ச் 8 தான் வேண்டும் என்றில்லை. 1910இல் கோபன்ஹேகனில் ஜெர்மன் சோசலிசத் தலைவி கிளாரா ஜெட்கின் மகளிர் தினத்தை முன்மொழிந்தபோது தேதி எதுவும் குறிக்கப்படவில்லை. 1911இல் முதன்முதலாகக் கொண்டாடியது மார்ச் 19இல். 1917இல் ரஷ்யாவின் பெட்ரோகிராட் நகர நெசவாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் இறங்கிய நாள்தான் மார்ச் 8 என்று நிலைத்தது. அந்த நாளில் எல்லா அமைப்பும் பெண் தலைவர்களை மேடைக்குக் கூப்பிடும். உங்கள் விருந்தினர் மூன்று மேடைக்கு ஓடிக் களைத்துப்போய் வருவார். அவர் வேலையோடு தொடர்புள்ள வேறொரு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நிகழ்ச்சி தொண்ணூறு நிமிடம். கௌரவிக்கப்படுபவர் ஒவ்வொருவருக்கும் ஏழு நிமிடம், அவரால் முன்னுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு மூன்று நிமிடம். சிறப்பு விருந்தினர் இருந்தால் அவருக்கும் ஏழு நிமிடமே, அதுவும் கடைசியில். தொடக்கத்தில் வைத்தால் நேரத்தை அவரே எடுத்துக்கொள்வார், கௌரவிக்கப்பட வேண்டியவர் "நன்றி" என்ற ஒரு சொல்லோடு இறங்குவார். மேடைக்குச் சாய்தளம், குழந்தைகளுக்கு ஓர் அறை, இரவில் திரும்பிப்போக வண்டி ஆகியவை இல்லாமல் இந்த விழாவை நடத்தாதீர்கள். முதல் புகைப்படம் அவரும் அவர் பின்னால் வந்த பெண்களும் சேர்ந்து நிற்பதாக இருக்கட்டும்.

எங்கே சிக்கும்

ஸ்பான்சரிடம் கவனம் வேண்டும். பெண் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தைக் குறைத்துக் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர் உங்கள் மேடைக்குப் பின்னால் தொங்கினால் விருது வாங்குபவரின் மதிப்பும் குறையும். தேர்வில் அவர்களுக்கு இடமில்லை என்பதை எழுதி வாங்கிய பிறகே பணத்தைத் தொடுங்கள். விருது பெறுபவரிடம் எந்தக் கட்டணமும், விளம்பரமும், நுழைவுச்சீட்டு விற்பனையும் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டு நடத்தும் விருதுகள் நிறைய இருப்பதால்தான் உண்மையானவர்கள் அழைப்பைப் பார்த்ததும் சந்தேகப்படுகிறார்கள்.

விருதுக்குப் பின் அவருக்கு வேலை கூடும். எல்லாக் கல்லூரியும் சங்கமும் இலவசமாகப் பேசக் கூப்பிடும். ஆண்டுக்கு எத்தனை அழைப்பை ஏற்பார், எவ்வளவு மதிப்பூதியம் வேண்டும் என்று கேட்டு, அந்த அழைப்புகளை உங்கள் சங்கம் வாங்கி அவருக்காகப் பதில் சொன்னால் அது பெரிய உதவி. பின்னாளில் அவர்மீது குற்றச்சாட்டு வந்தால் என்ன செய்வது என்பதையும் முதல் ஆண்டிலேயே எழுதிவையுங்கள்: யார் விசாரிப்பது, அவர் பதில் சொல்ல முப்பது நாள், முடிவை யார் அறிவிப்பது. பிரச்சினை வந்தபின் எழுதும் விதி யாருக்கோ எதிராக எழுதியதாகவே தோன்றும்.

மறைந்தவர்களையும் கௌரவிக்கலாம், ஆனால் உயிரோடு இருப்பவர்களை முந்தவிடாமல். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1869இல் மருத்துவம் படிக்கச் சேர்ந்த ஏழு பெண்களைப் பட்டம் வாங்க விடவில்லை. அவர்களில் ஒருவரான சோபியா ஜெக்ஸ்-பிளேக் 1874இல் லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அமையக் காரணமானார். அந்தப் பல்கலைக்கழகம் ஏழு பேருக்கும் பட்டம் கொடுத்தது 2019இல். நூற்றைம்பது ஆண்டு கழித்து, அவர்களுக்குப் பதிலாக இன்றைய மாணவிகள் வாங்கினார்கள். உங்கள் பட்டியலில் எண்பது வயதுப் பெண் ஒருவரும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரும் சம மதிப்பெண்ணில் நின்றால், இந்த ஆண்டு எண்பது வயதுக்காரருக்குக் கொடுங்கள்.

தேர்வாகாதவர்களின் பரிந்துரைகளைக் கிழித்துப்போடாமல் மூன்று ஆண்டு செல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நிகழ்ச்சிக்கு முன்பே ஒருவர் தொலைபேசியில் பேச வேண்டும்: பெயர் வந்து சேர்ந்தது, சரிபார்த்தோம், இந்த ஆண்டு இல்லை, அடுத்த ஆண்டும் பட்டியலில் இருக்கும், புதிதாக ஏதாவது நடந்தால் சொல்லுங்கள். மனக்கசப்பு வராமல் நடத்துவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அதில் பெரும்பகுதி இந்தத் தொலைபேசி அழைப்புகளில்தான் இருக்கிறது. அவற்றைச் செய்யப் பொறுமையான இரண்டு பேரை இப்போதே பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள்.